தொப்புள்கொடியை ஆய்வுக்குக் கொடுப்பது: வன்னிக்கு இதில் என்ன இருக்கிறது?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்துக்குள் வைத்து இடுப்பில் கட்டிவிட்ட நம் முன்னோர், ஸ்டெம் செல் சிகிச்சையை அன்றே அறிந்திருந்தார்களாம். பெரிய நோய் வந்தால் தாயத்தைத் திறந்து, உள்ளே இருப்பதை மருந்தாகக் கொடுப்பார்களாம். மாங்குளத்திலிருந்து மெல்பன் வரை எல்லாக் குடும்பக் குழுக்களுக்குள்ளும் இது ஒரு முறையாவது வந்து போயிருக்கும். வாசிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றில் காய்ந்து சுருங்கிய கொடியில் உயிருள்ள கலம் (செல்) ஒன்றுகூட மிஞ்சாது. வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லை உயிரோடு நெடுங்காலம் வைத்திருப்பதற்குத் திரவ நைதரசனும், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிரும் வேண்டும். செப்புக் கூட்டுக்குள் அது நடக்காது.

அதற்காகக் காய்ந்த கொடி ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லிவிடவும் முடியாது. ஜப்பானில் ஒரு கடலோர ஊரில், வீட்டில் பொத்தி வைத்த காய்ந்த கொடிகள் பெரியதொரு உண்மையை வெளியே கொண்டுவந்தன. அந்தக் கதைக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். இலங்கையின் வடக்கே இருக்கும் எங்கள் வன்னியைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

முதலில் கொடியைப் பார்ப்போம். நிறைமாதப் பிள்ளையின் தொப்புள்கொடி சராசரியாக 50 முதல் 60 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். ஒரு விரல் பருமன். உள்ளே இரண்டு நாடிகள், ஒரு நாளம். நச்சுக்கொடியிலிருந்து ஒட்சிசனும் ஊட்டமும் கலந்த குருதியைப் பிள்ளைக்குக் கொண்டுவருவது நாளம். கழிவுடன் திரும்பிப் போகும் குருதியை எடுத்துச் செல்பவை நாடிகள். இந்த மூன்று குழாய்களையும் சுற்றி, நுங்குச் சதைபோல வழுவழுப்பான ஒரு கூழ்ப்பொருள் பொதிந்திருக்கும். 1656இல் இதை விவரித்து எழுதிய லண்டன் வைத்தியர் தோமஸ் வார்ட்டனின் பெயரால் வார்ட்டன் கூழ் என்கிறார்கள். பிள்ளை வயிற்றுக்குள் புரண்டு கொடி முறுகினாலும் குழாய்கள் நசுங்காமல் இருப்பது இந்தக் கூழினால்தான். கொடியில் வலியை உணரும் நரம்பு இல்லை. வெட்டும்போது தாய்க்கும் நோகாது, பிள்ளைக்கும் நோகாது.

பிறந்ததும் கொடியைக் கவ்வியால் இறுக்கி வெட்டுவார்கள். பிள்ளையின் வயிற்றோடு ஓரிரு அங்குலம் நிற்கும். அது ஒன்று, இரண்டு கிழமைக்குள் காய்ந்து தானாக விழும். மீதி முழுவதும் நச்சுக்கொடியோடு சேர்ந்து வெளியே வரும். மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து பிள்ளை பெறுவித்த காலத்தில், நாய் தோண்டாத ஆழத்தில் வளவுக்குள் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எந்த மாவட்ட வைத்தியசாலையானாலும், பிரசவ அறையிலிருந்து வெளியேறும் கொடி மருத்துவக் கழிவு. எரிப்பார்கள், அல்லது அதற்கென்று வெட்டிய குழியில் போடுவார்கள்.

அப்படிக் கழிவாகப் போவதை ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கொடுப்பதைத்தான் கொடி தானம் என்கிறோம். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தவுடன் சனத்தின் மனதில் வேறு இரண்டு விடயங்கள் வந்து கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்து வைக்காவிட்டால் மேலே பேசுவது கஷ்டம்.

ஒன்று, கொடிக்குருதியைச் சிகிச்சைக்குக் கொடுப்பது. 1988 ஒக்ரோபரில் பாரிஸ் சென் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மான் என்ற வைத்தியரின் குழு, ஃபன்கோனி குருதிச்சோகை என்ற பரம்பரை நோயோடிருந்த ஒரு சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது எடுத்து வைத்த கொடிக்குருதியை ஏற்றியது. எலும்பு மச்சையில் இருப்பதுபோலக் குருதிக் கலங்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் கொடிக்குருதியிலும் இருக்கின்றன என்பதை நம்பிச் செய்த முதல் மாற்றுச் சிகிச்சை அது. பையன் பிழைத்தான். 1992இல் நியூயோர்க் குருதி மையம் யாருக்கும் பயன்படக்கூடிய பொதுக் கொடிக்குருதி வங்கியைத் தொடங்கியது. தெரியாத ஒரு தாய் கொடுத்ததைத் தெரியாத ஒரு நோயாளி பெறுவார். நம் இரத்ததான முகாமின் அதே தர்மம்.

மற்றது தனியார் வங்கி. உங்கள் பிள்ளையின் கொடிக்குருதியை உங்கள் பிள்ளைக்கே சேமித்து வைப்போம் என்று காசு வாங்குவார்கள். இது தானம் அல்ல, சேவை. வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளைத் தேடித்தான் இந்த வியாபாரம் வரும். சேமித்த குருதி அந்தப் பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ எப்போதாவது பயன்படும் வாய்ப்பு ஏறத்தாழ 2,700இல் ஒன்று என்பது அமெரிக்க மகப்பேற்று வைத்தியர்களின் கல்லூரி 2008இல் சொன்ன கணக்கு. தலசீமியா போன்ற பரம்பரை நோய் என்றால் பிள்ளையின் சொந்தக் குருதி உதவவே உதவாது. நோய்க்குக் காரணமான அதே பிழை அந்தக் கலங்களிலும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் தனியார் சேமிப்பைத் தாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. வீட்டில் மூத்த பிள்ளைக்கு மாற்றுச் சிகிச்சையால் குணமாகக்கூடிய குருதி நோய் இருந்தால் கதை வேறு. அப்படி இல்லாதபோது, நல்லூர் திருவிழாவில் வாங்கும் சீட்டிழுப்பு டிக்கெட்டுக்கு மேல் இதை நான் மதிக்க மாட்டேன்.

கொடிக்குருதி சேகரிப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிள்ளை வெளியே வந்த உடனே கொடியை இறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் நச்சுக்கொடியில் தங்கியிருக்கும் குருதி, 80 முதல் 100 மில்லிலீற்றர் வரை, பிள்ளைக்குள் இறங்கும். மூன்று கிலோப் பிள்ளையின் உடம்பில் ஓடும் மொத்தக் குருதியே கால் லீற்றரை ஒட்டித்தான். ஆக, அந்தச் சிறிய அளவு சின்ன விடயம் அல்ல. பிள்ளையின் முதல் ஆறு மாத இரும்புச் சத்துக்கு அது முதலீடு. அவசரமாக இறுக்கிப் பைக்குள் குருதியை வடித்தால் வங்கிக்கு நல்லது, பிள்ளைக்கு நட்டம். இரும்புச் சத்துக் குறைவு தாய்மாரிடம் சாதாரணமாக இருக்கும் எங்கள் ஊர்களில், குருதி முதலில் பிள்ளைக்குத்தான் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

கொடி இழையத்தை ஆய்வுக்குக் கொடுப்பதில் இந்தப் போட்டி கிடையாது. குருதி இறங்கி முடிந்து, துடிப்பு நின்று, நச்சுக்கொடியும் வெளியேறிய பிறகு மிஞ்சும் வெறும் கொடி போதும். தாயிடமிருந்தோ பிள்ளையிடமிருந்தோ மேலதிகமாக எதுவும் எடுக்கப்படுவதில்லை. நான் இதைத் தயக்கமில்லாமல் ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, ஆய்வுகூடத்தில் அதை வைத்து என்ன செய்கிறார்கள்?

1973இல் நியூயோர்க்கில் எரிக் ஜஃபே என்பவரின் குழு ஒரு வழியைக் கண்டுபிடித்தது. இன்றும் உலகம் முழுவதும் ஏறக்குறைய அதே முறைதான். ஒரு சாண் நீளக் கொடியை எடுத்து, மேலே படிந்த இரத்தத்தைத் துடைத்து, இரு முனையையும் புதிதாக வெட்டுவார்கள். முனையில் மூன்று துளைகள் தெரியும். தடித்த சுவரோடு சுருங்கி நிற்கும் சின்னத் துளை இரண்டும் நாடிகள். வாய் அகன்று தளர்ந்திருப்பது நாளம். நாளத்துக்குள் மெல்லிய குழாயைச் செருகிக் கட்டி, உப்புநீரால் உள்ளே உறைந்த இரத்தத்தைக் கழுவித் தள்ளுவார்கள். பிறகு மறுமுனையையும் இறுக்கிவிட்டு, கொலாஜனேஸ் என்ற நொதியத்தை உள்ளே நிரப்பி, உடம்புச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பார்கள். நாளத்தின் உட்சுவரில் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும் கலங்கள் அந்த நேரத்தில் பிடி தளர்ந்து கழன்று வரும். அவற்றைச் சேர்த்து, ஊட்டக் கரைசல் ஊற்றிய தட்டில் விட்டால் சில நாளில் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே படலமாக வளர்ந்துவிடும். கொடியிலிருந்து கலத்துக்கு வர அரை நாள் வேலை போதும்.

இந்தப் படலத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவுக்காரரின் கண்ணும் சிறுநீரகமும் பழுதாவது எல்லாம் குருதிக் குழாயின் உட்சுவர் கெடுவதோடு தொடர்புள்ளவை. உயிரோடிருக்கும் மனிதரின் குழாய்ச் சுவரைச் சுரண்டி எடுத்துப் பரிசோதிக்க முடியாது. பன்றியின், மாட்டின் குழாயை வைத்துப் பார்க்கலாம், ஆனால் மனிதக் கலம் மனிதக் கலம்தான். கொடி அதை இலவசமாகத் தருகிறது.

வன்னியில் இருந்துகொண்டு பார்க்கும்போது இதன் பயன் இன்னும் கிட்டத்தில் தெரிகிறது. டெங்கு வந்தவர் காய்ச்சல் விட்ட பிறகுதான் மோசமாவார் என்பது எங்களுக்கு அனுபவம். குழாய்ச் சுவர் கசிந்து குருதியின் நீர்ப்பகுதி வெளியேறுவதுதான் அந்த ஆபத்து. டெங்கு வைரசின் என்எஸ்1 என்ற புரதம் அந்தச் சுவர்க் கலங்களுக்கு இடையிலான பிணைப்பை எப்படித் தளர்த்துகிறது என்பதைத் தட்டில் வளர்த்த கலங்களை வைத்துத்தான் பார்த்தார்கள். கொடி நாளத்திலிருந்து எடுத்தவையும் அவற்றில் உண்டு. பாம்பு நஞ்சு குழாய்ச் சுவரைச் சிதைக்கும் விதத்தைப் படிக்கிறவர்களும் இதே கலங்களைப் பயன்படுத்துகிறார்கள். வயலில் கண்ணாடிப் புடையன் கடித்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர்களுக்கு இது தூரத்து விஞ்ஞானம் அல்ல. கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வரும் நோயிலும் முதலில் அடிபடுவது தாயின் குருதிக் குழாய்ச் சுவர்தான். அந்த நோய்க்கு மகப்பேற்று உலகம் இன்னும் முழுப் பதில் காணவில்லை. பிரஷர் உள்ள தாயின் கொடியும் இல்லாத தாயின் கொடியும் ஆய்வாளருக்கு ஒரே அளவு பெறுமதி.

வார்ட்டன் கூழுக்குத் தனிக் கதை. அதைப் பொடிப்பொடியாக வெட்டித் தட்டில் ஒட்டவைத்தால் ஓரிரு கிழமையில் துண்டுகளின் ஓரத்திலிருந்து நீள நீளமான கலங்கள் ஊர்ந்து வெளியே வரும். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என்று மாறக்கூடியவை. அதைவிட, எதிர்ப்புச் சக்தி எல்லை மீறும்போது அதை அடக்கக்கூடியவை. மூட்டுத் தேய்வு, நீரிழிவு, கொவிட் என்று நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. ஐயமில்லாமல் வெற்றி பெற்றவை குறைவு. எலும்பு மச்சை மாற்றிய பிறகு வரும் ஒரு கடுமையான எதிர்வினைக்கு, கொடியிலிருந்து வளர்த்த கலங்களை மருந்தாகச் சீனா 2025 ஜனவரியில் நிபந்தனையோடு அனுமதித்தது. மற்றதெல்லாம் இன்னும் ஆய்வில்தான். ஆதலால் யாராவது முழங்கால் நோவுக்கு, ஓட்டிசத்துக்கு, முகச் சுருக்கத்துக்கு "கொடி ஸ்டெம் செல் ஊசி" என்று விலை சொன்னால் பர்ஸை மூடிக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கள்.

இனி ஜப்பான். கியூஷு தீவில் மினமாட்டா என்ற மீன்பிடி ஊர். சிஸ்ஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலை பல ஆண்டுகளாகப் பாதரசக் கழிவைக் குடாவுக்குள் விட்டது. மீன் தின்ற பூனைகள் துள்ளித் துள்ளிச் செத்தன. பிறகு மனிதர் கைகால் நடுங்கி, பார்வை சுருங்கி விழுந்தார்கள். 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. மீன் தின்னாத பச்சைப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி இருந்தபோது, நச்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்று அன்றைய மருத்துவம் நம்பியதால், அது வேறு நோய் என்றுதான் முதலில் சொன்னார்கள். தாய்மார் ஏற்கவில்லை. ஹரடா மசசுமி என்ற வைத்தியர், அந்தத் தாய்மார் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டார்.

ஆனால் பிறந்து பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு, வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்குள் பாதரசம் போனது என்று எப்படிக் காட்டுவது? உடம்பில் இருந்தது எப்போதோ கழிந்திருக்கும். ஜப்பானிய வீடுகளில் பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சின்ன மரப்பெட்டியில் வைத்துப் பாதுகாப்பது வழக்கம். அந்தப் பெட்டிகளைத் திறந்தார்கள். காய்ந்த கொடிக்குள் மெதைல் பாதரசம் அப்படியே இருந்தது. பெட்டியில் பிறந்த தேதியும் இருந்ததால், எந்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று வரிசைப்படுத்த முடிந்தது. தொழிற்சாலையின் உற்பத்தி கூடிய ஆண்டுகளில் கொடியின் பாதரசமும் கூடியிருந்தது. 1975இல் நேச்சர் சஞ்சிகையில் அந்த முடிவுகள் வெளிவந்தன. ஒரு கம்பனியின் கணக்குப் புத்தகத்தைவிட வீட்டு மரப்பெட்டி நம்பகமாக இருந்தது.

இதைப் பார்த்த மற்ற நாடுகள் பிள்ளை பிறக்கும்போதே கொடியையும் கொடிக்குருதியையும் எடுத்து வைக்கத் தொடங்கின. வட அத்திலாந்திக்கின் பரோத் தீவுகளில் 1986, 87இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கொடிக்குருதியில் பாதரசம் அளந்தார்கள். அங்கே திமிங்கில இறைச்சி சாப்பாடு. ஏழு வயதில் அதே பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, கூடுதலாகப் பாதரசம் இருந்தவர்களின் நினைவாற்றலும் மொழித்திறனும் கொஞ்சம் பின்தங்கியிருந்தன. இங்கிலாந்தின் சவுதாம்டன் ஆய்வாளர்கள் 2011இல் வேறொன்றைக் காட்டினார்கள்: கொடி இழையத்தில் சில மரபணுக்களின் மேல் பதிந்திருக்கும் இரசாயனக் குறிகளுக்கும், அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயதில் உடம்பில் சேரும் கொழுப்புக்கும் தொடர்பு இருந்தது. தாய் என்ன சாப்பிட்டாள், எதைக் குடித்தாள், எந்தக் காற்றைச் சுவாசித்தாள் என்பதில் ஒரு பகுதி கொடியில் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது வன்னிக்கு வாருங்கள். 1990களில் மதவாச்சி, பதவியா பக்கம் கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவையும் முல்லைத்தீவின் சில பகுதிகளையும் விட்டுவைக்கவில்லை. புளோரைட்டா, வன்தண்ணீரா, வெயிலில் நீரில்லாமல் உழைப்பதா, கிருமிநாசினியா, உலோகமா என்று முப்பது வருடமாக வாதம் நடக்கிறது. இடையில் தெருவுக்குத் தெரு ஆர்ஓ என்ற வடிகட்டிச் சுத்திகரித்த தண்ணீர்த் தாங்கி வந்துவிட்டது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்தின் கீழுள்ள வயல் எங்கும் மருந்தடிப்பு நடக்கிறது. களை பிடுங்கும் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், அவர்களில் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்குள் என்ன போகிறது? கிணற்றுத் தண்ணீர் குடித்த தாயின் கொடிக்கும் ஆர்ஓ தண்ணீர் குடித்த தாயின் கொடிக்கும் வித்தியாசம் உண்டா? இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். பாரிஸிலோ நியூயோர்க்கிலோ இருப்பவர் எங்களுக்காக இதைக் கேட்கப் போவதில்லை.

கொடி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாற்பது, ஐம்பது வயதில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானதற்கு இன்று பிறந்த பிள்ளையின் கொடி சாட்சி சொல்ல முடியாது. கட்மியம் போன்ற சில உலோகங்களை நச்சுக்கொடி பெரும்பாலும் தன்னிடமே மறித்து வைத்துக்கொள்ளும். அதற்குக் கொடியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கொடியில் ஒன்று இருந்தால் அதனால் நோய் வரும் என்றும் அர்த்தமில்லை. பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தால்தான் ஏதாவது சொல்லலாம். அப்படித் தொடர்ந்து பார்ப்பதில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து நிறையும் உயரமும் எழுதுகிறார். பணக்கார நாடுகள் பல ஆய்வுக்கென்றே காசு கொட்டி உருவாக்குகிற அமைப்பு, இங்கே கிளினிக் கொப்பியாக ஏற்கெனவே கிடக்கிறது.

செலவு விடயத்திலும் வன்னிக்கு எது பொருந்தும் என்று யோசிக்க வேண்டும். கலம் வளர்க்கும் ஆய்வுக்குக் கொடி உயிரோடு போய்ச் சேர வேண்டும்: கிருமி நீக்கிய போத்தலில், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கலந்த உப்புநீரில், ஐஸ்பெட்டிக்குள் 4 பாகையில், ஒரு நாளுக்குள். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வந்து ஏ9 ஏறி யாழ்ப்பாணம் போக நூறு கிலோமீற்றருக்கு மேல். தடுப்பூசியை ஐஸ்பெட்டியில் கொண்டு திரிந்து பழகிய சுகாதாரத் துறைக்கு அந்த ஓட்டம் பெரிய வேலை அல்ல. ஆனால் மறுமுனையில் கலம் வளர்க்கும் அறை, காபனீரொட்சைட்டு அடைகாப்பான், நொதியம், தடையில்லாத மின்சாரம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இரசாயனம் அளக்கும் ஆய்வு அப்படியல்ல. கொடித் துண்டைச் சுத்தமான குப்பியில் உறையவைத்தால் போதும்; பாதரசத்துக்கு மினமாட்டாக்காரர் காட்டியபடி உலர்த்தினாலும் போதும். நூறு கொடி சேர்ந்த பிறகு ஒரே தடவையில் அனுப்பலாம். கடன் வாங்கியாவது கலம் வளர்க்கும் ஆய்வுகூடம் கட்ட வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் வன்னியின் முதல் ஆய்வு ஓர் உறைபெட்டியோடு தொடங்கலாம்.

பரிசோதனைச் செலவிலும் ஒரு பங்கு ஏற்கெனவே முடிந்திருக்கிறது. தானக் கொடியைக் கையாளுகிறவருக்குத் தொற்று வராமலிருக்கத் தாயின் குருதியைச் சோதிப்பார்கள். எங்கள் கிளினிக்குகளில் எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனை கர்ப்பிணிகளுக்கு வழமையாகவே நடக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு அவை தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

கொடுப்பது என்பது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் இலங்கையரின் கண்களை உலகெங்கும் அனுப்பியது. மனித இழையங்களைத் தானம் செய்வதற்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மனம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. வன்னியில் தட்டுப்பாடாக இருப்பது நம்பிக்கை.

அதற்குக் காரணமும் இருக்கிறது. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பெண்களுக்குச் சரியாக விளங்கப்படுத்தாமல், வற்புறுத்திக் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த சனம். சீருடை போட்டவர் சொன்னால் மறுக்கத் தெரியாத நிலை. அந்த ஊர்களில் போய் இன்று "உங்கள் கொடியைத் தாருங்கள், ஆய்வுக்கு" என்றால் என்ன கேள்வி வரும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் 1951இல் ஹென்றியேட்டா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கலங்களை அவரிடம் கேட்காமலே எடுத்தார்கள். அவை இன்றும் உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்கின்றன. அவற்றால் பணம் பார்த்த கம்பனி ஒன்றோடு குடும்பம் இணக்கத்துக்கு வர 2023 வரை போனது. ஆக, கழிவுதானே என்று கேட்காமல் எடுப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

கேட்கும் நேரமும் முக்கியம். பிரசவக் குத்து எடுத்துக் கட்டிலில் கிடக்கும் பெண்ணிடம் பேனையை நீட்டி வாங்கும் கையெழுத்துக்குப் பெயர் சம்மதம் அல்ல. ஏழாம் மாதக் கிளினிக்கில், அவசரமில்லாத ஒரு நாளில், தமிழில், வாசிக்கக் கஷ்டப்படுகிறவருக்கு வாய்மொழியாக, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரவும் இடம்விட்டுக் கேட்க வேண்டும். முடிவு தாயுடையது. மாமியாரோ புருஷனோ ஓம் என்றால் காணாது; அவர்கள் வேண்டாம் என்றாலும் அது அவளுடைய பதில் அல்ல.

வீட்டுப் பெரியவர்களின் பயம் பெரும்பாலும் வேறு திசையிலிருந்து வரும். கிளினிக் வாங்கில் மகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மம்மா இப்படித்தான் கேட்பார்:

"கொடியைக் குடுத்தா பிள்ளைக்கு ஏதும் பிழையாய் வந்திடாதோ மிஸ்? நாங்கள் அதைத் தாயத்துக்குள்ள வைக்கிறனாங்கள்."

"உங்களுக்குத் தேவையான துண்டு பிள்ளையின்ர வயித்தோடதான் அம்மா நிக்கும். அது காய்ஞ்சு விழ நீங்கள் எடுத்து வையுங்கோ. நாங்கள் கேக்கிறது வெட்டின மிச்சத்தை."

இந்த ஒரு விளக்கத்தோடு பாதித் தயக்கம் போய்விடும். சடங்குக்கு வேண்டிய துண்டும் ஆய்வுக்கு வேண்டிய துண்டும் வேறு வேறு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கும் இதற்கும் முட்டுப்பாடு இல்லை. பிள்ளையை முழுக வார்த்து, தாயத்தைக் கட்டி, மருமகளுக்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கலாம். அந்த நேரம் மிச்சக் கொடி எங்கோ ஓர் உறைபெட்டியில் இருக்கும். தாயத்து வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஏசிக்கொண்டு கொடி கேட்கப் போகிற ஆய்வாளர் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஏசத்தான் வேண்டுமா? ஜப்பான்காரர் பெட்டியில் வைத்தார்கள், நாங்கள் கூட்டில் வைக்கிறோம்.

கொடி தானம் பெரும்பாலும் குறிப்பிட்ட ஓர் ஆய்வுக்குத்தான் நடக்கும். ஆய்வு இல்லாத ஆஸ்பத்திரியில் போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் அவர்களால் வாங்கி வைக்க முடியாது. ஆய்வு ஒன்று உங்கள் கிளினிக்குக்கு வந்து கேட்டால், நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. எந்த ஒழுக்கநெறிக் குழு இதற்கு அனுமதி கொடுத்தது என்பது முதல் கேள்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. கொடியில் எதை அளக்கப் போகிறீர்கள், மரபணுவையும் பார்ப்பீர்களா, மாதிரி நாட்டுக்கு வெளியே போகுமா, வேறு ஆய்வுக்கு எடுத்தால் மறுபடி கேட்பீர்களா, எங்கள் பெயர் போத்தலில் இருக்குமா அல்லது இலக்கம் மட்டும்தானா என்று கேளுங்கள். காசு கொடுக்கிறோம் என்றால் சந்தேகப்படுங்கள். பிள்ளைக்குள் ஈயமோ பாதரசமோ கூடுதலாக இருப்பது தெரிந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா என்பதையும் கேட்க மறக்க வேண்டாம். மினமாட்டாத் தாய்மார் பதிலுக்காகப் பல வருடம் காத்திருந்தார்கள். வவுனியாத் தாய்க்கு முடிவு ஒரு கடிதத்தில் வரலாமே.

இல்லை என்று சொன்னாலும் பிரசவ அறையில் கவனிப்பு மாறக்கூடாது. ஓம் என்று சொன்னவர் பிறகு மனம் மாறினால் யாருக்கு அறிவிப்பது என்ற தொலைபேசி இலக்கம் சம்மதப் பத்திரத்தில் இருக்க வேண்டும். பத்திரத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பிக்குள் செருகி வைத்தால் தொலையாது.